எந்த வண்டியில் ஓட்டினார்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கா வந்து பதினாறு வருடம், ஷார்லட் நகரில் ஆறு வருடம் ஆகிறது. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நாஸ்கார் கார் பந்தயம்தான். முன்பு கூட வேலை பார்த்தவர் ஒருவர் பழக்கிவிட்டதில் நானும் இந்த ஸ்டாக் கார் (பார்வைக்குச் சாதாரணக் கார் போல இருக்கும் வண்டிகள்) பந்தயம் பார்க்கிறேன். மைக்கேல் வால்ட்ரிப் என்ற ஓட்டுநரைப் பற்றி அவர் சொன்னது மனதிலேயே நிற்கிறது. 462 பந்தயங்களில் தோற்றவர், அடுத்த பந்தயத்தில், அதுவும் நாஸ்காரின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான டேடோனா 500இல் ஜெயித்துவிட்டார். கடைசியில் ஜெயித்ததால்தானே அவர் பட்ட பாட்டுக்கெல்லாம் ஓர் அர்த்தம் வந்தது?

நான் வேலையை விட்டு, இரண்டு நண்பர்களுடன் சொந்தத் தொழில் தொடங்கி இது மூன்றாவது வருடம். கையிருப்பு கரைந்துகொண்டே போகிறது. ஊரில் அப்பா “போதும்டா, வேலைக்குப் போ” என்கிறார். விடாமுயற்சி எது, வீண் பிடிவாதம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபார்முலா ஒன் பார்க்கும் நண்பர்கள் நாஸ்காரை ‘செக்குமாட்டுப் பந்தயம்’ என்று கேலி செய்வது பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஆர்., ஷார்லட்

அன்புள்ள ஆர்.,

கேலியை விட்டுவிடுங்கள். 31 டிகிரி சாய்ந்த வளைவில், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்து வண்டி உரசும் தூரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர்களைப் பார்த்துச் செக்குமாடு என்பவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைச் சீண்டியது “462 பந்தயங்களில் தோற்றவர்” என்ற வரி. இந்த வரியை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? பந்தயத்தில் நாற்பது வண்டிகள் கிளம்புகின்றன. ஒன்று ஜெயிக்கும். மற்ற முப்பத்தொன்பது பேரும் அன்றைக்குத் தோற்றவர்கள் என்றால், அந்தத் தொழிலே தோற்றவர்களின் தொழில்தான். டேல் எர்ன்ஹார்ட் ஏழு முறை சாம்பியன். அவர் ஓட்டிய 676 பந்தயங்களில் வென்றவை 76. அறுநூறு முறை தோற்றவர் என்று அவரை யாராவது சொல்கிறார்களா? ரிச்சர்ட் பெட்டி 1184இல் 200 வென்றார். அவரைவிட அதிகம் வென்றவர் அந்த விளையாட்டில் இல்லை. அவரும்கூடத் தன் வாழ்வின் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயிக்காமல்தான் வீடு திரும்பியிருக்கிறார். வென்றவனிடம் வெற்றிகளை மட்டும் எண்ணுகிறோம். வெல்லாதவனிடம் தோல்விகளை எண்ணுகிறோம். இந்த ஓரவஞ்சனையை முதலில் நிறுத்துங்கள்.

இனி வால்ட்ரிப். அவருடைய அண்ணன் டேரல் வால்ட்ரிப் மூன்று முறை சாம்பியன், 84 வெற்றிகள். அந்த அண்ணனின் தம்பியாக 1985இல் ஷார்லட் பந்தயத்தில்தான் மைக்கேல் முதன்முதலாக ஓட்டினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பெரும்பகுதியை ஒற்றை வண்டி வைத்திருந்த குழுக்களில் கழித்தார். 1990இல் பிரிஸ்டலில், நாஸ்காரின் உயர்ந்த தட்டுக்கு ஒரு படி கீழே இருந்த தொடரின் பந்தயம் ஒன்றில், சுவரில் மோதி வண்டி தூள்தூளானது. அதிலிருந்து எழுந்து நடந்து வந்தார். 2001இல்தான் எர்ன்ஹார்ட் தன் சொந்தக் குழுவில் அவருக்கு ஒரு வண்டி கொடுத்தார். 15ஆம் எண் ஷெவர்லே. அந்த வண்டியில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார்.

நன்றாகக் கவனியுங்கள், முதல் பந்தயத்திலேயே. பிப்ரவரி 18 அன்று அவர் திடீரென்று கார் ஓட்டக் கற்றுக்கொண்டாரா? அதே கை, அதே கால், அதே ஆள். மாறியது வண்டி. வண்டிக்குப் பின்னால் இருந்த எஞ்சின் கூடமும் பணமும் மாறின. டேடோனா, டாலடேகா என்ற இரண்டு மைதானங்களிலும் அப்போது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைப்பதற்காக, நான்கு ஓட்டை போட்ட ஒரு தகட்டைக் கார்புரேட்டருக்குக் கீழே வைப்பார்கள். எல்லா வண்டிகளின் பலமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். தனியாக ஓட்டி முன்னால் போக முடியாது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு, காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். யார் உங்கள் பின்னால் வருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அங்கே ஜெயிப்பது. அன்றைக்குக் கடைசிச் சுற்றில் வால்ட்ரிப்புக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் எர்ன்ஹார்ட்டின் மகன். மூன்றாவதாக, பின்னால் துரத்தி வந்த கூட்டத்தைத் தடுத்துக்கொண்டு வந்தவர் எர்ன்ஹார்ட். அந்த இருவர் இல்லையென்றால் உங்கள் நண்பர் சொன்ன கதை இல்லை.

கடைசி வளைவில் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்துபோனார். முடிவுக் கோட்டைத் தாண்டிய வால்ட்ரிப்புக்கு அது தெரியாது. வர்ணனைக் கூண்டில் இருந்த அண்ணன் டேரல், தம்பிக்காகக் கத்திக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார். நீங்கள் ‘கடைசியில் ஜெயித்ததால் அர்த்தம் வந்தது’ என்று எழுதுகிறீர்கள். தன்னை நம்பி வண்டி கொடுத்த மனிதர் செத்துப்போன நாளை அவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறார். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இந்தக் கதையில் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நீங்களும் அதைச் செய்யாதீர்கள்.

அதன் பிறகு அவர் இன்னும் மூன்று பந்தயங்கள் வென்றார். 2002இல் டேடோனா, 2003இல் மறுபடி டேடோனா 500, அதே ஆண்டில் டாலடேகா. நான்கும் அந்த இரண்டு மைதானங்களில், நான்கும் அந்த ஒரே குழுவின் வண்டியில். அங்கிருந்து வெளியே வந்த பிறகு ஒன்றுகூட இல்லை. சொந்தமாகக் குழு நடத்தினார். 2013இல் ரிச்மண்டில் அவர் குழு முறைகேடு செய்ததற்கு மூன்று லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. பெரிய ஸ்பான்ஸர் விலகிப்போனார். 2015 முடிவில் குழுவை மூடினார்கள். 2017இல் தன் கடைசி டேடோனா 500இல் எட்டாவதாக வந்தார். இந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கு அவருடைய கைகளுக்கு, எவ்வளவு வண்டிக்கு என்று யாராவது பிரித்துக் காட்டட்டும்.

என் தாய்மாமா சென்னையில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். எழுபதுகளில் சோழவரம் பந்தயத்துக்கு யாராவது ஒரு முதலாளியின் வண்டியைத் தயார் செய்து கொடுப்பார். என்னையும் கூட்டிப்போவார். பழைய விமான ஓடுதளம், பொட்டல் வெயில், நிழலுக்கு ஒரு மரம் இருக்காது. ஒவ்வொரு முறையும் ஒருவர் தானே இழைத்துச் செய்த பழைய வண்டியோடு வந்து, கடைசிக்கு முந்தின ஆளாக முடிப்பார். நாங்கள் பையன்கள் கைதட்டிச் சிரிப்போம். மாமா என் பிடரியில் ஒன்று வைத்தார். “அவன் வண்டியப் பாத்தியாடா? அந்த வண்டியில அவன் பாதி தூரம் ஓட்டுனதே பெருசு. முதல்ல வந்தவனை அதுல ஏத்திவிடு, ஸ்டார்ட் பண்றானான்னு பாப்போம்.” மாமா தயார் செய்த வண்டி ஜெயித்த நாட்களும் உண்டு. முதலாளிக்கு மாலை விழும். மாமா கிரீஸ் கையோடு டீ குடித்துக்கொண்டிருப்பார். எந்த ஓட்டத்தைப் பார்த்தாலும், எந்த மனிதரைப் பார்த்தாலும், இவர் எந்த வண்டியில் ஓட்டினார் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

அதனால்தான் சில மாதங்களாக வெண்டெல் ஸ்காட் என் நினைவில் ஓடிக்கொண்டே இருக்கிறார். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்தது.

ஸ்காட் வர்ஜீனியாவில் டான்வில் ஊர்க்காரர். கறுப்பர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் மெக்கானிக். ஊரில் டாக்சி ஓட்டினார், போலீஸுக்குப் பிடிகொடுக்காமல் கள்ளச் சாராயம் கடத்தினார். 1952இல் டான்வில்லிலேயே பந்தயத்தில் இறங்கினார். 1961இல் நாஸ்காரின் உயர்ந்த தட்டுக்கு வந்தார். அவர் ஓட்டியதெல்லாம் மற்றவர்கள் ஓட்டி முடித்த வண்டிகள். எஞ்சினைத் தானே பிரித்துத் தானே மாட்டுவார். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றி, பெட்ரோல் போடும் பிட் குழுவும் அவருடைய பிள்ளைகள்தான். 1963 டிசம்பர் 1 அன்று ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில், அரை மைல் மண் பாதையில் 200 சுற்று. நெட் ஜாரெட்டிடமிருந்து வாங்கிய பழைய ஷெவர்லே. 15ஆவது இடத்திலிருந்து கிளம்பி, கடைசி 25 சுற்று இருக்கும்போது ரிச்சர்ட் பெட்டியைத் தாண்டினார். இரண்டு சுற்று வித்தியாசத்தில் முதலில் முடித்தார்.

கொடி அவருக்கு அசையவில்லை. இரண்டாவதாக வந்த பக் பேக்கர் என்ற வெள்ளைக்காரரை வெற்றியாளர் என்று அறிவித்துக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் கலைந்து போன பிறகு, கணக்கில் பிழை, ஸ்காட்தான் முதல் என்று சொன்னார்கள். மேடையில் ஒரு கறுப்பர் ஏறி, கோப்பை கொடுக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் பக்கத்தில் நிற்பதைத் தவிர்க்கத்தான் இது நடந்தது என்று அவர் நம்பினார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். தாண்டியவனையும் தாண்டப்பட்டவனையும் இரண்டு சுற்று மாற்றி எண்ணும் அளவுக்கா கண் மங்கும்?

வென்ற பிறகும் எந்தக் கார் கம்பெனியும் முழுமையாக அவர் பின்னால் நிற்கவில்லை. அதே பழைய வண்டிகளோடு 1966இல் ஆண்டுப் பட்டியலில் ஆறாவது இடம். 1973இல் கடன்பட்டு, அதுவரை இல்லாத அளவுக்கு நல்ல ஒரு மெர்குரி கார் வாங்கினார். மே மாதம் டாலடேகாவில் இருபதுக்கு மேற்பட்ட வண்டிகள் மோதிக்கொண்ட விபத்தில் அது நொறுங்கியது. விலா, இடுப்பு, கால் எலும்புகள் உடைந்தன. நல்ல வண்டி கிடைத்தபோது அதை ஓட்ட உடம்பு இல்லை. அந்த அக்டோபரில், உங்கள் ஷார்லட்டில், கடைசியாக ஒரு பந்தயம் ஓட்டி 12ஆவதாக முடித்தார். மொத்தம் 495 பந்தயங்கள், வெற்றி 1. ஆனால் 147 முறை முதல் பத்துக்குள் வந்திருக்கிறார். உங்கள் கணக்குப்படி இவர் 494 முறை தோற்றவர். எழுதிப் பாருங்கள், எழுத முடிகிறதா என்று.

1990இல் காலமானார். 2015இல் நாஸ்காரின் சாதனையாளர் வரிசையான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அந்த ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்திடம் முறைப்படி கொடுத்தது 2021 ஆகஸ்டில். அதே ஆண்டு அக்டோபரில் பப்பா வாலஸ் டாலடேகாவில் வென்றார். ஸ்காட்டுக்குப் பிறகு அந்தத் தட்டில் வென்ற முதல் கறுப்பின ஓட்டுநர். அவர் ஓட்டியது மைக்கேல் ஜோர்டானும் டென்னி ஹாம்லினும் நடத்தும் குழுவின் வண்டி. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன்கூட 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். வெற்றி ஏதுமில்லை. ஆனால் ரசிகர்கள் வாக்களித்து அந்த ஆண்டின் மிகப் பிரியமான ஓட்டுநராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே புதியவர் ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

உங்கள் தொழிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்ன தொழில் என்றே நீங்கள் எழுதவில்லை தம்பி. பணம் யாருடையது, வாடிக்கையாளர் எத்தனை பேர், மாதம் எவ்வளவு கரைகிறது, எதுவும் கடிதத்தில் இல்லை. இதெல்லாம் தெரியாமல் விடாமுயற்சி, பிடிவாதம் என்று நான் ஏதாவது சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. ஆனால் ஒன்று தெரிகிறது, நீங்கள் இரவில் சரியாகத் தூங்குவதில்லை. அப்பாவிடம் வால்ட்ரிப் கதையைச் சொல்லி வாதாடாதீர்கள். அவர் உங்களை எண்ணிக் குறைத்துப் பேசவில்லை, பயப்படுகிறார். வரவு செலவு நோட்டை வைத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிடுங்கள், அந்த இரண்டு நண்பர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.