டிராவலிங் வில்பரிஸ் குழு ஏன் இரண்டே ஆல்பங்களோடு நின்றது?

புகழ்பெற்ற ராக் இசைக்கலைஞர்கள் ஐவர் சேர்ந்த அந்தக் குழு, நீடித்து நடத்தும் திட்டத்தோடு தொடங்கப்படவே இல்லை என்பதே முதற்காரணம். 1988 ஏப்ரலில், தம் தனிப்பாடல் இசைத்தட்டு ஒன்றின் மறுபக்கத்துக்கு இன்னொரு பாடல் தேவைப்பட்டதால், முன்னாள் பீட்டில்ஸ் இசைக்கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் தம் நண்பர்களான ஜெஃப் லின், ராய் ஆர்பிசன், டாம் பெட்டி ஆகியோருடன் கலிபோர்னியாவின் மாலிபுவில் பாப் டிலனின் வீட்டுக் கராஜில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினார். அங்கே கிடந்த ஒரு பெட்டியில் ஒட்டியிருந்த 'கவனமாகக் கையாளவும்' என்னும் அறிவிப்பே பாடலின் தலைப்பாயிற்று. மறுபக்கத்தில் வைத்து வீணடிக்கக் கூடாத அளவுக்குப் பாடல் நன்றாக அமைந்துவிட்டதென்று இசைத்தட்டு நிறுவனம் கருதியதால், டிலனையும் சேர்த்து ஐவரும் புனைபெயர்களில் ஒரு முழு ஆல்பத்தையே உருவாக்கினர். டிலன் சுற்றுப்பயணம் புறப்பட வேண்டியிருந்ததால், அடிப்படைப் பதிவுகள் சுமார் பத்து நாள்களில் முடிக்கப்பட்டன. அந்த அவசரமே அதன் அழகு என்பது என் கருத்து.

அந்த ஆல்பம் வெளிவந்த இரண்டு மாதங்களுக்குள், 1988 டிசம்பர் 6 அன்று, ஆர்பிசன் தம் 52ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். அவருக்கு மாற்றாக எவரையும் சேர்க்காமல் எஞ்சிய நால்வர் 1990இல் வெளியிட்ட ஆல்பம், இரண்டாவதாக இருந்தும் குறும்பாக 'தொகுதி 3' எனப் பெயரிடப்பட்டது. ஆனால் ஆர்பிசனின் குரல் இல்லாத குறை அதில் நன்றாகவே தெரிகிறது. அனைவருக்கும் தனித்த இசைவாழ்வும் ஒப்பந்தங்களும் இருந்த நிலையில், ஒரு சுற்றுப்பயணம்கூட மேற்கொள்ளாமலேயே குழு ஓய்ந்தது.