புள்ளியியல் படித்தவர் மனித மரபியலில் பேராசிரியர் ஆக முடியுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே சிறு தேயிலை விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். கோவையில் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாக இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். பழங்குடியினர் ஊர்களில் நடந்த அரிவாள் செல் இரத்தசோகைப் பரிசோதனை முகாமில் பதிவேடு எழுத உதவினேன். அன்றிலிருந்து மரபியல் தரவுகளின் மேல் ஆர்வம் வந்துவிட்டது. இத்துறையில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆக முடியுமா? அதற்கு உயிர்த்தகவலியலில் (உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் துறை) இன்னொரு எம்.எஸ்சி. படிக்க வேண்டுமா? வெளிநாடு போனால்தான் ஆகுமா? கடைசியில் மலைக்குத் திரும்பி வர வழி இருக்குமா?

பதில்: முடியும். இன்னொரு எம்.எஸ்சி. வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் தவறான முடிவெடுத்துப் பல ஆண்டுகளை இழந்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

‘புள்ளியியல் சார்ந்த மனித மரபியல்’ என்ற பெயரில் நம் பல்கலைக்கழகங்களில் பணியிடம் விளம்பரமாவது அரிது. புள்ளியியல் துறை, மரபியல் துறை, உயிர்த்தகவலியல் துறை, மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் நாற்காலியில் அமர்ந்துகொண்டுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். விண்ணப்பங்களைச் சலிக்கும் குழு உங்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பதற்கு முன்பு, முதுகலைப் பட்டம் அந்தத் துறைக்குரிய பாடத்தில் உள்ளதா என்றுதான் பார்க்கும். என் முதுகலை இயற்பியலில். முனைவர் பட்டம் மரபியல் தரவுகளில். ஒரு பல்கலைக்கழகத்தில் நேர்காணலுக்கே அழைக்காமல், ‘தொடர்புடைய பாடம் அல்ல’ என்று ஒற்றை வரியில் என் விண்ணப்பத்தைத் திருப்பினார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. புள்ளியியல் பட்டம் உங்கள் வேர். அதை விட்டு நகராமல், மரபியலை முனைவர் பட்ட ஆய்வின் வழியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

மரபியலுக்குப் புள்ளியியல் வெளியாளும் அல்ல. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1918-இல் எழுதிய ஒரே கட்டுரையில்தான் பரம்பரை பற்றிய மெண்டலின் விதிகளும், உயரம் போன்ற தொடர்ச்சியான பண்புகள் உறவினரிடையே ஒத்துப்போவதும் ஒரே கணக்கில் இணைந்தன. மாறுபாட்டுப் பகுப்பாய்வின் தொடக்கமும் அங்கேதான். புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931-இல் தொடங்கிய கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் மனித மரபியலுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

இனி நீங்கள் எழுதிய பதிவேட்டுக்கே வருகிறேன். முகாமில் ஒரு சொட்டு இரத்தத்தைக் கரைசலில் விட்டு, குழாயின் பின்னால் பிடித்திருக்கும் அட்டையின் கோடுகள் தெரிகின்றனவா என்று பார்த்திருப்பார்கள். கோடுகள் மறையும்படி கலங்கினால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள். அவர் மாறிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவரா, இரண்டு பிரதியும் உள்ள நோயாளியா என்பதை ஆய்வகத்தின் அடுத்த சோதனைதான் சொல்லும். அந்த முடிவுகள் வந்தபின் உங்கள் வேலை தொடங்குகிறது. கணக்குக்காக ஓர் ஊரில் 200 பேர் என்று வைத்துக்கொள்வோம்: 160 பேருக்கு மாற்றம் இல்லை, 36 பேர் சுமப்பவர்கள், 4 பேர் நோயாளிகள். மொத்தம் உள்ள 400 பிரதிகளில் 44 மாறியவை; விகிதம் 0.11. பிரதிகளின் விகிதத்திலிருந்து நோயாளிகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் ஹார்டி–வெயின்பெர்க் விதிப்படி எதிர்பார்க்க வேண்டிய நோயாளிகள் 2.42 பேர்தான், இருப்பவர்களோ நால்வர். ‘நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் இப்படி’ என்று உடனே எழுதத் தோன்றும். ஆனால் எதிர்பார்த்ததும் இருப்பதும் எவ்வளவு விலகுகின்றன என்று அளக்கும் கை-வர்க்கச் சோதனை செய்தால் 1.3 தான் வருகிறது, 3.84-ஐத் தாண்டினால்தான் வழக்கமான ஐந்து விழுக்காட்டு அளவில் ஏதாவது சொல்லலாம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. ஓர் ஊரைப் பற்றி, ஒரு சமூகத்தைப் பற்றி, ஆதாரம் போதாமல் ஒரு வார்த்தை எழுதாமல் நிறுத்திக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைத்தான் நல்ல தேர்வுக் குழு ஒரு புள்ளியியலாளரிடம் தேடுகிறது.

நமக்கென்றே உரிய கேள்விகளும் இருக்கின்றன. இத்துறையின் பல முறைகள், மாதிரியில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள் என்ற அனுமானத்தில் எழுந்தவை. தாய்மாமனை மணந்த பெண்ணின் குழந்தையிடம், ஒரே மூதாதையரிடமிருந்து வந்த இரட்டைப் பிரதி ஓரிடத்தில் அமைய எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன் மகளை மணந்தால் பதினாறில் ஒன்று. அதற்கும் மேலே, பல தலைமுறைகளாகத் தன் சாதிக்குள்ளேயே மணம் செய்த பழக்கம் ஒவ்வொரு சமூகத்திலும் தனித்தனியாகச் சில மாற்றங்களைப் பெருக்கியிருக்கிறது. இதய நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுச் சிதைவு தெற்காசியரில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேரிடம் உண்டு என்று 2009-இல் காட்டிய ஆய்வு நம் நாட்டுக் குடும்பங்களிலிருந்தே எழுந்தது. ஐரோப்பியத் தரவுகளில் உருவாக்கிய நோய் அபாயக் கணிப்புகள் நம்மிடம் துல்லியம் குறைகின்றன. இதைச் சரிசெய்யும் முறைகளை உருவாக்குபவருக்கு எந்த நாட்டிலும் மதிப்புண்டு.

பாதை இப்படி அமையும். புள்ளியியலுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் கணித அறிவியல் தாள்தான். உடன் கேட் தேர்வில் 2019 முதல் புள்ளியியலுக்கெனத் தனித் தாள் இருக்கிறது, இரண்டையும் எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகம், கல்யாணியிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுத்தொகையியல் நிறுவனம், ஹைதராபாத் சி.சி.எம்.பி. (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்), சென்னை கணித அறிவியல் நிறுவனம் ஆகியவற்றைப் பாருங்கள். அருகிலேயே பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் துறையும் புள்ளியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் உயிர்ப்புள்ளியியல் துறை இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளரைப் பார்த்துச் சேருங்கள். அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று நெறியாளரிடமே கேட்பதில் தவறில்லை.

வெளிநாடு கட்டாயம் அல்ல. ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் வேறொரு குழுவில், முடிந்தால் வேறொரு நாட்டில், ஆய்வு செய்வது மிகவும் உதவும். ஐ.ஐ.டி., ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடங்களில் அந்த அனுபவத்தை எதிர்பார்ப்பார்கள். அமெரிக்காவில் ஆசிரியப் பணியை நாடினால் ஒன்றைக் கவனியுங்கள்: பல மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியரின் சம்பளத்தில் பெரும் பகுதியை அவரே ஆய்வு நல்கைகளிலிருந்து கொண்டுவர வேண்டும். கலை அறிவியல் பிரிவுத் துறைகளில் சம்பளம் பல்கலைக்கழகத்துடையது. பாடம் எடுக்கும் சுமை கூடுதல். வேலை ஒப்புக்கொள்ளும் முன் இதை எழுத்தில் கேட்டுப் பெறாதவர்கள் பின்னால் தவித்திருக்கிறார்கள். நம் நாட்டில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் பல்கலைக்கழக மானியக் குழு விகிதத்தில் 57,700 ரூபாய், ஐ.ஐ.டி.களில் முதல் நிலை உதவிப் பேராசிரியருக்கு 1,01,500.

இவை எல்லாம் சேர எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும் என்பதை வீட்டில் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பெண்ணுக்கு இந்தப் பத்து ஆண்டுகள் எவ்வளவு கேள்விகளோடு வரும் என்பது எனக்குத் தெரியும். உதவித்தொகை மாதந்தோறும் வருவதும், அது சம்பளத்துக்கு நிகரான தொகை என்பதும் பெற்றோருக்குத் தெரிந்தால் பேச்சு சற்று எளிதாகும்.

மலைக்குத் திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீலகிரியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சமூக மருத்துவத் துறைகளில் புள்ளியியல் படித்தவருக்கு இடம் உண்டு. வேறு ஊரில் வேலை பார்த்தபடியும் இந்த மலையின் கேள்விகளில் பணியாற்றலாம். அப்போது ஒன்றை மறக்காதீர்கள். இங்குள்ள பழங்குடிகளின் இரத்தத்தில் அரிவாள் செல் இருப்பதை 1952-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்; 2047-க்குள் நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் வந்ததோ 2023-இல். எழுபது ஆண்டுகள் அவர்கள் காத்திருந்தார்கள். ஆகவே நீங்கள் எழுதிய பதிவேட்டில் இருந்து ஓர் எண்ணைக்கூட, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அந்த ஊர்களின் சம்மதமும் இல்லாமல் ஆய்வுக்கு எடுக்காதீர்கள். முடிவை அவர்கள் மொழியில் திரும்பப் போய்ச் சொல்வதும் ஆய்வின் பகுதிதான்.

அதுவரை பழக, பொதுவில் திறந்திருக்கும் ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தின் (1000 Genomes) தரவு போதும். 26 மக்கள்தொகைகளைச் சேர்ந்த 2,504 பேரில், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் ஒரு பிரிவாக இருக்கிறார்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியும், மரபியல் தரவுகளுக்கான பிளிங்க் (PLINK) என்ற இலவச மென்பொருளும் சாதாரண மடிக்கணினியில் ஓடும். ஒரே ஒரு குரோமோசோமை எடுத்து, மேலே செய்த கணக்கை ஆயிரக்கணக்கான இடங்களில் செய்து பாருங்கள். எங்கெல்லாம் விதி மீறப்படுகிறது, அதில் எது உண்மை, எது கருவியின் பிழை என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். நெறியாளர்களுக்கு முதல் மின்னஞ்சல் அனுப்பும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த இரண்டு பக்கத்தையும் இணையுங்கள்.