பல்லாவரத்துக் கல்லின் கீழே

அன்புள்ள ஐயா,

வணக்கம். சில ஆண்டுகளாகக் கொல்கத்தாவில் வங்கிப் பணியில் இருக்கிறேன். அடுத்த மாதம் சென்னைக்கு மாற்றலாகி வருகிறேன். கொல்கத்தாவைப் பற்றிய உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்துக் கல்லறைகளைத் தவறாமல் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். போனேன், பார்த்தேன். மனம் ஒட்டவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் இந்த நகரத்தை நிறுவியவர் அல்லர் என்று கல்கத்தா உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆங்கிலக் கடற்படைத் தளபதி அட்மிரல் வாட்சன் நம்மைச் சுட்டுப் பிடித்தவர்களில் ஒருவர். இவர்களுக்கு எண்கோண மண்டபமும் கூர்நுனித் தூணும் எதற்கு? நாம் டிக்கெட் எடுத்துப் போய் ஏன் பார்க்க வேண்டும்? சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டியுள்ள யேல் குடும்பக் கல்லறையை அகற்றுவதா கூடாதா என்று வழக்கு நடந்தபோதும் எனக்கு இதே எண்ணம்தான் வந்தது. இவற்றை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தை மக்களுக்குக் கொடுத்தால் என்ன? ஒரு தமிழனுக்கு அந்தக் கல்லறைகளோடு என்ன உறவு இருக்க முடியும்?

தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
க., கொல்கத்தா

*

அன்புள்ள க.,

பொறுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. உங்கள் கோபத்தில் பெரும்பகுதி எனக்கும் உண்டு. 2003இல் வந்த அந்தத் தீர்ப்பு சரியானது. 1690 ஆகஸ்ட் 24 அன்று சார்னாக் சுதாநுட்டியில் கரை இறங்கியபோது அங்கே ஊரும் மக்களும் சந்தையும் இருந்தன. சுதாநுட்டி, கோவிந்தபூர், கலிகாதா என்ற மூன்று ஊர்களின் உரிமையைச் சவர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரிடமிருந்து கம்பெனி 1300 ரூபாய்க்குப் பெற்றது 1698இல். அதற்குள் சார்னாக் மண்ணுக்குள் போய் ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்தக் கல்லறைகளை நீங்கள் வணங்க வேண்டாம். படிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். வென்றவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைத்த வாக்குமூலம் அந்த வளாகத்தில் கிடக்கிறது. அதை அவர்களுடைய பேரப்பிள்ளைகளைவிட நாம்தான் வரிவரியாகப் படிக்க வேண்டியவர்கள். தமிழனுக்கு என்ன உறவு என்று கேட்டீர்கள். கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

கொல்கத்தா நிற்பது கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல். தோண்டினால் சேறும் களிமண்ணும் வருமே தவிர, எழுத்து வெட்டுவதற்கு ஏற்ற கல் வராது. ஆகவே அந்தக் கால ஆங்கிலேயர் தங்கள் கல்லறைக் கற்களைச் சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். சார்னாக் மண்டபத்துக்குள் இருக்கும் கரிய பலகைக்கல்லை மறுபடி ஒருமுறை குனிந்து பாருங்கள். கறுப்பு என்று தோன்றும். வெளிச்சம் சாய்ந்து விழும்போது நீலம் பாய்ந்த சாம்பல் நிறமும் எண்ணெய் தடவியது போன்ற ஒரு மினுக்கமும் தெரியும். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் எழுத்தின் விளிம்பு மழுங்கவில்லை. 1893இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து இந்தக் கல்லை ஆராய்ந்தார். ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் கலந்த கருங்கல் அது. சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடக்கும் அதே பாறை என்று கண்டு, கல்லறைக்குரியவரின் பெயராலேயே அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். இன்று இலங்கையில், ஆப்பிரிக்காவில், அண்டார்டிகாவில் எங்கே அந்த இனப் பாறையைக் கண்டாலும் நிலவியலாளர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். நிலத்தின் அடி ஆழத்தில், பெருவெப்பத்தில் உருவான பாறை அது. பல்லாவரத்துப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. நீலகிரியின் உடலும் அதுதான், குமரிமுனையில் விவேகானந்தர் பாறையும் அதுதான். பல்லாவரத்துக்காரர்கள் அதை வெறுமனே கருங்கல் என்பார்கள். உடைத்து ஜல்லியாக்கிச் சாலை போட்டிருக்கிறோம், வீடு கட்டியிருக்கிறோம். அந்தப் பாறைக்கு நம் ஊரின் பெயர் வந்திருக்க வேண்டும். கல்லை வெட்டிக் கொடுத்த ஊர் விடுபட்டு, கல்லின் அடியில் கிடந்தவரின் பெயர் உலகமெங்கும் போனதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தோடுதான் நான் அந்த மண்டபத்துக்குள் நிற்பேன்.

கல்லில் இருப்பது லத்தீன். தன்னுடையதல்லாத மண்ணில் நெடுங்காலம் அலைந்து திரிந்துவிட்டு நித்திய வீட்டுக்குத் திரும்பினார் என்பது அதன் சாரம். தன்னுடையதல்லாத மண் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், கவனியுங்கள். இறந்த தேதி 1692 ஜனவரி 10 என்று இருக்கும். அந்நாளில் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது என்பதால் நம் கணக்கில் அது 1693. அதே கல்லில் மூத்த மகள் மேரியின் பெயரும் உண்டு. மண்டபத்தை எழுப்பிய சார்லஸ் ஐர் அவளுடைய கணவர்.

மேரியின் தாய் பெயர் எங்கே? அந்தக் கல்லில் இல்லை. சார்னாக்கோடு வாழ்ந்த அந்தப் பெண் இந்தியப் பெண். இறந்துபோன முதல் கணவனின் சிதையில் ஏற இருந்தவளைச் சார்னாக் மீட்டுக் கொண்டுவந்தார் என்றும், அவள் இறந்த பின் ஆண்டுதோறும் அவள் சமாதியில் சேவல் பலி கொடுத்தார் என்றும் பின்னாளில் ஒரு கப்பல் தலைவர் எழுதிவைத்தார். அந்தக் கதையை நான் அப்படியே நம்பவில்லை. கேட்பவரை வியக்கவைக்க வேண்டும் என்ற ஆசை அதில் துருத்திக்கொண்டிருக்கிறது. நம்பத்தக்கது வேறொன்று. மொகலாயரோடு சண்டையிட்டு வங்காளத்தை விட்டு விரட்டப்பட்டு, சார்னாக் 1689இல் சென்னையில் வந்து தங்கினார். அப்போது சென்னையின் ஆளுநர் எலிஹு யேல். நீங்கள் குறிப்பிட்ட அந்தக் கல்லறைக்குள் இருப்பவர்களில் ஒருவன் இந்த யேலின் சின்னஞ்சிறு மகன். அந்த ஆகஸ்டில் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் ஞானஸ்நானம் நடந்தது. மேரி, எலிசபெத், கேத்தரின் என்ற பெயர்கள் பதிவேட்டில் ஏறின. மூன்று பெண்களைப் பெற்றவளுக்கோ கணவனின் கல்லில் அரை வரி இடம் கிடைக்கவில்லை. அந்த மண்டபத்தில் எனக்கு முதலில் கண்ணில் படுவது இந்த இல்லாத பெயர்தான். மண்டபத்தை இடித்துவிட்டால் இந்த இன்மையைக் காட்ட நம்மிடம் என்ன இருக்கும்?

அதே மண்டபத்துக்குள் இன்னொரு கல் இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கவனிக்காமல் வெளியே வந்துவிடுகிறார்கள். வில்லியம் ஹாமில்ட்டன் என்ற கம்பெனி மருத்துவருடைய கல். 1715இல் ஜான் சர்மன் தலைமையில் கம்பெனியின் தூதுக்குழு ஒன்று டெல்லி போனது. மொகலாயப் பாதுஷா ஃபரூக்சியர் நோயில் கிடந்தார். ஜோத்பூர் அஜித் சிங்கின் மகளோடு நடக்கவிருந்த திருமணம் தள்ளிப்போனது. ஹாமில்ட்டன் அறுவை செய்து குணப்படுத்தினார். பாதுஷா யானை கொடுத்தார், குதிரை கொடுத்தார், ஐயாயிரம் ரூபாய், வைர மோதிரங்கள், மருத்துவரின் கருவிகளைப் போலவே பொன்னில் செய்த கருவிகளும் கொடுத்தார். 1717இல் கம்பெனிக்கு ஃபர்மான், அதாவது பாதுஷாவின் ஆணை கிடைத்தது. ஆண்டுக்கு 3000 ரூபாய் கட்டிவிட்டு வங்காளத்தில் சுங்கமில்லாமல் வணிகம் செய்யலாம், கல்கத்தாவைச் சுற்றி 38 ஊர்களை வாங்கலாம்.

ஒரு மருத்துவரின் கத்தியால்தான் இந்தியா பறிபோனது என்று சொல்பவர்கள் உண்டு. அது மிகை. சிகிச்சைக்குப் பிறகும் தூதுக்குழு ஒரு வருடத்துக்கு மேல் டெல்லியில் காத்துக் கிடந்தது. சூரத்தில் வணிகத்தை மூடிவிட்டுப் போய்விடுவோம் என்ற மிரட்டலும் சேர்ந்த பிறகே காரியம் நடந்தது. ஆனால் அந்த ஃபர்மானின் விளைவு மிகையே இல்லை. சுங்க விலக்குச் சீட்டைக் கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்த வியாபாரத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். வங்காள நவாப்களோடு மூண்ட பகைக்கு அது ஒரு பெரிய காரணம். அந்தப் பகை பிளாசி வரை போய் முடிந்தது.

இதில் நம் ஊர் எங்கே வருகிறது என்று பாருங்கள். கர்நாடக நவாப் தாவூத் கான் கொடுத்துப் பின்பு பறிக்கப்பட்ட ஐந்து ஊர்கள் அதே ஃபர்மானால் சென்னைக் கம்பெனியிடம் திரும்பி வந்தன: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. சென்னைக்கு வந்து நீங்கள் வீடு தேடும்போது இவற்றில் ஒன்று உங்கள் பட்டியலில் இருக்கலாம்.

ஹாமில்ட்டனின் கல்லில் ஆங்கிலமும் பாரசீகமும் இருக்கின்றன. ஆங்கிலம், பாதுஷாவைக் குணப்படுத்தித் தன் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்ததால் அவர் நினைவு இந்த தேசத்துக்கு அருமையானது என்று சொல்கிறது. பாரசீகமோ, உலகுக்கு அடைக்கலமான பாதுஷாவைக் குணப்படுத்தியவர், ஆயிரம் இடர்ப்பாட்டுக்குப் பிறகு அரசவையில் விடைபெற்று நாடு திரும்பும் வழியில் இறை ஆணையால் கல்கத்தாவில் இறந்தார் என்கிறது. ஒரே கல், ஒரே மனிதர். ஒரு பக்கத்தில் தேசத்தின் ஆதாயம். மறுபக்கத்தில் வீட்டுக்குப் போக விடை கிடைக்காமல் தவித்த ஒருவர். ஃபர்மான் கிடைத்த அதே ஆண்டு, டிசம்பர் 4 அன்று அவர் இறந்தார். எனக்கு அந்தப் பாரசீகப் பக்கத்தின் மீதுதான் மதிப்பு.

வாட்சனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்காள நவாப் சிராஜுத்தௌலாவிடம் இழந்த கல்கத்தாவை மீட்க 1756 அக்டோபரில் கிளைவும் வாட்சனும் புறப்பட்டது சென்னையிலிருந்து. தூணில் வெட்டியிருக்கும் வெற்றிகள் மூன்று: மேற்குக் கரையின் கெரியா கோட்டை, கல்கத்தா, பிரெஞ்சுக்காரர்களின் சந்திரநாகூர். பிளாசிக்கு முன் உமிசந்த் என்ற வணிகரை ஏமாற்றக் கிளைவ் சிவப்புத் தாளில் ஒரு போலி ஒப்பந்தம் தயாரித்தார். வாட்சன் அதில் கையெழுத்திட மறுத்தார். அவர் கையெழுத்தை வேறொருவரை விட்டுப் போட வைத்தார்கள். பிளாசி முடிந்து இரண்டு மாதத்துக்குள், 1757 ஆகஸ்ட் 16இல், வாட்சன் இறந்தார். அவர் வாழ்வில் மதிக்கத்தக்கது அந்த மறுப்பு ஒன்றுதான் என்பது என் கருத்து. தூணில் அதைத் தேடாதீர்கள். அருகிலேயே வில்லியம் ஸ்பீக் என்ற சிறுவனின் கல் இருக்கிறது. சந்திரநாகூர்ச் சண்டையில் கப்பல் தலைவரான தந்தையும் மகனும் ஒரே நொடியில் அடிபட்டு விழுந்தார்கள். பையனுக்குக் கால் போயிற்று, பிறகு உயிரும் போயிற்று. கோபத்தோடு அங்கே போகிறவர்கள் இந்தக் கல்லின் முன் சற்று நிற்க வேண்டும்.

அதே வளாகத்தில் கல்லறை கொண்ட பேகம் ஜான்சனை உங்கள் கடிதத்தில் காணோம். ஃபிரான்சிஸ் ஜான்சனின் தந்தை எட்வர்ட் குரோக், கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். தாய்வழியில் போர்ச்சுகீசிய ரத்தம். நான்கு முறை மணந்தார். இரண்டாம் கணவர் மணமான சில நாட்களில் அம்மையில் இறந்தார். மூன்றாமவர் வில்லியம் வாட்ஸ், காசிம்பஜார் கம்பெனிக் கிடங்கின் தலைவர். 1756இல் சிராஜ் காசிம்பஜாரைப் பிடித்தபோது, குழந்தைகளோடு சிறைப்பட்ட ஃபிரான்சிஸை நவாபின் அந்தப்புரத்துப் பெண்கள் வைத்துக் காத்தார்கள். பேகம் என்ற பட்டம் அங்கிருந்து வந்தது. அடுத்த ஆண்டே அவருடைய கணவர் வாட்ஸ், பெண்கள் போகும் மூடு பல்லக்கில் ஒளிந்து நவாபின் தளபதி மீர் ஜாபரின் வீட்டுக்குள் போய்ச் சதிக்குச் சத்தியம் வாங்கிவந்தார். காப்பாற்றிய வீட்டுக்கே உலை வைத்த கதை. அதையும் அந்தக் கல் சொல்லாது. நான்காம் கணவர் ஒரு பாதிரியார். அவர் இங்கிலாந்துக்குப் போய்விட, பேகம் கல்கத்தாவிலேயே தங்கிப் பிளாசிக் காலத்துக் கதைகளைச் சொல்லியபடி 1812 பிப்ரவரி வரை வாழ்ந்தார். அவர் இறந்த சில மாதங்களில் பேரன் லிவர்பூல் பிரபு பிரிட்டனின் பிரதமரானார். நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ போரின்போது அந்தப் பதவியில் இருந்தவர் அவர்தான்.

இனி அகற்றும் கேள்வி. அதே வளாகத்தில் ஒரு வெள்ளைப் பளிங்குத் தூணும் நிற்கிறது. கல்கத்தா இருட்டறையில் 146 பேரை அடைத்து 123 பேர் மாண்டார்கள் என்று, அதில் உயிர் பிழைத்த கம்பெனி அதிகாரி ஹால்வெல் சொன்ன கதைக்கு, 1902இல் வைஸ்ராய் கர்சன் எழுப்பிய சின்னம். அந்த எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல என்று வரலாற்றாசிரியர்கள் பலர் காட்டியிருக்கிறார்கள். நகரின் நடுவே, டல்ஹௌசி சதுக்கத்தை ஒட்டி நின்ற அதை அகற்ற வேண்டும் என்று 1940இல் சுபாஷ் சந்திர போஸ் போராட்டத்துக்கு அழைத்தார். அதற்காகவே கைதானார். அரசு பணிந்து தூணை இந்த வளாகத்துக்குள் கொண்டுவந்து வைத்தது. போஸ் செய்தது முற்றிலும் நியாயம். பொதுச் சாலையில் நின்று மக்களை நோக்கிப் பழி சொன்ன சின்னம் அது. கல்லறை அப்படியில்லை. இங்கே ஓர் உடல் கிடக்கிறது என்கிறது, கிடக்கிறது. அதன் மேல் எழுதியிருப்பதில் பொய் இருந்தால் பக்கத்தில் ஒரு பலகை வைத்து உண்மையை எழுதலாம். சார்னாக் மண்டபத்தின் முன் வங்காளியிலும் ஆங்கிலத்திலும் அப்படி ஒரு பலகை வேண்டும். பெயரில்லாத அந்தப் பெண்ணைப் பற்றி அதில் முதல் வரி இருக்க வேண்டும். எண்கோண மண்டபத்தைப் பெயர்ப்பதைவிட அதற்காக நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் நானும் கையெழுத்திடுகிறேன்.

மாற்றலாகி வருவதற்கு முன் ஒருமுறை போங்கள். பாரசீகம் படிக்கத் தெரிந்த நண்பர் யாராவது கிடைத்தால் ஹாமில்ட்டன் கல்லின் முன் அவரை நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தேவாலயத்தின் தரையையும் பாருங்கள். வங்க சுல்தான்களின் தலைநகரான கௌரின் இடிபாடுகளிலிருந்து பெயர்த்து வந்த கற்கள் அந்தக் கட்டடத்தில் சேர்ந்திருக்கின்றன. சென்னைக்கு வந்ததும் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸைச் சுற்றிப் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைப் போய்ப் பாருங்கள். 1758 முற்றுகையில் பிரெஞ்சுப் படை கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டது. அதனால் பின்னர் அவற்றைப் பெயர்த்து உள்ளே கொண்டுவந்தார்கள். அவற்றில் எதில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.