நடவு நான், பட்டா அவர்

கேள்வி: ஒன்றரை ஏக்கர் நெல்லு போடுறோம் மேடம். நாத்து பறிக்கிறது, நடவு, களை, விதைநெல் காய வைக்கிறது எல்லாம் நான்தான். லோன் கேட்டுப் போனா வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்றாங்க. அப்ப நான் விவசாயி இல்லையா? - ஒரு வாசகி, மன்னார்குடி பக்கம்

பதில்: நீங்க விவசாயிதாம்மா, அதுல சந்தேகமே வேணாம். டெல்டாவுல உழவு, வரப்பு வெட்டுறது, மருந்து அடிக்கிறது, நெல்லு விக்கிறது ஆம்பளை வேலைன்னும் நாளெல்லாம் குனிஞ்சே செய்யுற நடவும் களையும் பொம்பளை வேலைன்னும் பிரிச்சு வச்சுட்டாங்க, இதுல காசு புழங்குற இடம் பூரா அவங்க கையில, கூலியும் நமக்குத்தான் கம்மி, எனக்கு இது கொஞ்சமும் நியாயமா படல. சிக்கல் பட்டாவுலதான் இருக்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்புல நாடு முழுக்க சாகுபடி பண்ணைகளோட எண்ணிக்கையில நூத்துக்கு சுமார் 14தான் பொம்பளைங்க பொறுப்புல. மத்திய அரசு விவசாயிகளுக்கு வருஷா வருஷம் குடுக்குற பிஎம் கிசான் 6,000 ரூபாயும் நிலம் யார் பேர்லயோ அவங்களுக்குத்தான். அதனால வீட்டுல பேசி உங்க பேரையும் பத்திரத்துல சேர்த்து கூட்டுப் பட்டா வாங்கப் பாருங்க. பொறந்த வீட்டு பூர்வீக நிலத்துலயும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 2005 திருத்தப்படி மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு உண்டு, பாகப்பிரிவினை ஏற்கனவே ஆயிடுச்சான்னு மட்டும் ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்குங்க. உங்க பங்கை விட்டுக்குடுக்குற விடுதலைப் பத்திரத்துல சும்மா கையெழுத்துப் போட்டுறாதீங்க.