நிணநீர் வீக்கமும் மார்பு வலியும்: அழுத்தித் தேய்க்கலாமா?

உடல் திசுக்களில் ஊறி, தனிக் குழாய்கள் வழியாக ரத்தத்துக்குத் திரும்பும் நீர்தான் நிணநீர். அது வடியாமல் தேங்கினால் வருவது நிணநீர் வீக்கம். அதற்குக் கட்டுப் போடுவதும் மசாஜ் செய்வதும்தான் என் வேலை. கத்தி வைக்காமல் செய்யக்கூடியவை பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம். சாயங்காலமானால் அந்தப் பக்கக் கை கனக்கிறது, மோதிரம் இறுக்குகிறது. காலையில் சரியாகிவிடுகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். படுத்து எழுந்தால் வடிந்துவிடும் இந்தக் கட்டத்தில் வருபவர்களுக்குத்தான் சிகிச்சை சுலபம். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தாலோ கதிர்வீச்சு கொடுத்தாலோ, கையிலிருந்து நீர் வடியும் வழி குறுகிப்போகிறது. முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5-ல் ஒருவருக்கு இந்த நிணநீர் வீக்கம் வருகிறது.

இஞ்ச் டேப் எடுத்து, மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு இடமாக இரண்டு கைகளின் சுற்றளவையும் எழுதி வையுங்கள். 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? அப்படியென்றால் இன்னும் நீர்தான். நாளாகி நாரும் கொழுப்பும் சேர்ந்துவிட்டால் குழி விழாது, கையும் லேசில் இறங்காது.

கேள்வி: என் மகள் தினமும் எண்ணெய் போட்டு நன்றாக அழுத்தித் தேய்த்துவிடுகிறாள். போதுமா?

அன்பாகச் செய்கிறாள், ஆனாலும் நிறுத்தச் சொல்லுங்கள். அழுத்தித் தேய்த்தால் ரத்த ஓட்டம் கூடி இன்னும் நீர் ஊறும். எண்ணெய் போட்டால் கை வழுக்கும். நாங்கள் உள்ளங்கையைப் பதித்துத் தோலை மட்டும் மெல்ல நகர்த்தி விடுகிறோம். அதையும் வீங்கிய கையில் தொடங்குவதில்லை. முதலில் கழுத்து, மறுபக்க அக்குள், அப்புறம் மார்பும் முதுகும், கடைசியில்தான் கை. முன்னால் நிற்கிற வண்டி நகர்ந்தால்தானே பின்னால் நிற்பது நகரும்? 1930-களில் டென்மார்க்கின் எமில் வோடர் உருவாக்கிய முறை இது. முதல் நாள் எல்லோரும் கேட்பது: "இவ்வளவுதானா?"

கேள்வி: கட்டுப் போடாமல், நேராக ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன?

கையை இறக்குவது கட்டு. இறங்கிய கையை அப்படியே வைத்திருப்பதுதான் ஸ்லீவ். சுளுக்குக்குச் சுற்றும் ரப்பர் போன்ற பேண்டேஜ் இதற்கு ஆகாது. அதிகம் நீளாத ரகம் வேண்டும். கையை அசைக்கும்போது தசை புடைத்து அந்தக் கட்டில் மோதுகிறது, அதுதான் நீரைத் தள்ளுகிறது. ஆகவே கட்டோடு சும்மா உட்காராதீர்கள். விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். ஸ்லீவை அளவெடுத்து வாங்கி, பகலில் போடுங்கள். 6 மாதத்தில் அது தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

கேள்வி: நீர் மாத்திரை?

இந்த வீக்கத்துக்கு வேண்டாம். நிணநீரில் இருக்கும் புரதத்தை மாத்திரை வெளியேற்றாது. வேறு நோய்க்காக டாக்டர் எழுதியிருந்தால் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாதாமே?

பழைய பேச்சு. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பயிற்சி செய்த பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை என்று 2009-லேயே ஆய்வு வந்தாயிற்று. அரைக் கிலோவில் தொடங்குங்கள். கை கனத்தால் ஒரு படி இறங்குங்கள்.

கேள்வி: நேற்றிலிருந்து கை சிவந்து சுடுகிறது, குளிர் காய்ச்சலும் இருக்கிறது.

தோலில் கிருமி ஏறியிருக்கலாம். கட்டு, மசாஜ் எல்லாம் அப்புறம். இன்றே டாக்டரிடம் போங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

கேள்வி: குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். மார்பில் ஒரு பக்கம் கல் மாதிரி கட்டியிருக்கிறது. பிசைந்து கரைக்கலாமா?

இங்கேயும் அதே கதைதான்! பிசைந்தால் உள்ளே இன்னும் வீங்கும். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், வழக்கம்போல் பால் கொடுங்கள். காலியாக்க வேண்டுமென்று கூடுதலாகக் கறக்க வேண்டாம். 24 மணி நேரத்தில் குறையவில்லை, அல்லது காய்ச்சல் ஏறுகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மாதவிலக்குக்கு முன் இரண்டு மார்பும் வலிக்கிறது. பயமாக இருக்கிறது.

வலி மட்டும் புற்றின் அறிகுறியாக இருப்பது அபூர்வம். சரியான அளவில், நன்றாகத் தாங்கும் பிரா போட்டாலே பலருக்குக் குறைகிறது. வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் உதவும். கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் உள்வாங்கினாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ அடுத்த மாதவிலக்கு வரை காத்திருக்காமல் காட்டுங்கள்.