பிக்கப் பின்னால் கூடுதல் லைட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நாமக்கல்லில் லாரி, பிக்கப் ஒயரிங் பார்க்க ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. பின்பக்க லைட் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் 12 வோல்ட் வண்டிக்கான பதில்.

கேள்வி: அண்ணா, பொலேரோ பிக்கப்பில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஓட்டுகிறேன். விடிகாலை 3 மணிக்கு லோடு இறக்கும்போது பின்னால் ஒன்றுமே தெரிவதில்லை. 27 வாட் எல்.இ.டி. இரண்டு வாங்கிவிட்டேன். ரிவர்ஸ் லைட் ஒயரிலேயே முறுக்கி விடலாம் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. ரிவர்ஸ் பல்பு ஒன்று 21 வாட், அது இழுப்பது 2 ஆம்பியருக்கும் கீழே. கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்சும் அந்த மெல்லிய ஒயரும் அந்த அளவுக்காகப் போட்டவை. உங்கள் இரண்டு லைட்டும் சேர்ந்து 54 வாட், அதாவது நாலரை ஆம்பியர். இதையும் அதே ஒயரில் ஏற்றினால் முதல் நாள் நன்றாகத்தான் எரியும், நாளாக ஆக சுவிட்சின் உள்ளே காண்டாக்ட் கருகும், அப்புறம் ஒரு நாள் ரிவர்ஸ் லைட்டே வராது.

நாலு பின் ரிலே ஒன்று வாங்குங்கள், சின்ன கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்ட்டைத் திறந்து விடும் சுவிட்ச் அது. பேட்டரி பாசிட்டிவில் இருந்து 7.5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு வாருங்கள். ஃபியூஸ் பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயர் உரசினால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. 87-ல் இருந்து லைட்டுக்கு, 85 எர்த்துக்கு (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த சேசிஸ், அதாவது வண்டியின் இரும்புச் சட்டம்), 86-க்கு ரிவர்ஸ் லைட் ஒயரில் இருந்து ஒரு கிளை. ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (coil) கால் ஆம்பியர்கூட இழுக்காது, அதனால் பழைய ஒயருக்கு எந்தச் சுமையும் இல்லை. லைட்டுக்குப் போகும் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் போதும், 5 மீட்டர் ஓடினாலும் அதில் இழப்பது கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேதான்.

நீங்கள் வண்டியை நிறுத்தி லோடு இறக்குகிறீர்கள், அதனால் தனி சுவிட்சும் வேண்டும். இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். சுவிட்ச் ஒயரையும் அப்படியே 86-ல் சொருகினால், சுவிட்ச் போட்டதும் கரண்ட் திரும்பி ரிவர்ஸ் ஒயருக்குள் ஓடி ரிவர்ஸ் பல்பும் சேர்ந்து எரியும், அந்தச் சுமை முழுக்கச் சின்ன சுவிட்ச் மேல் விழும். கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் 4007 டையோடு இரண்டு வாங்கி, ரிவர்ஸ் பக்கம் ஒன்று, சுவிட்ச் பக்கம் ஒன்று என்று போடுங்கள், வெள்ளிக்கோடு இருக்கும் முனை 86-ஐப் பார்த்து இருக்கட்டும். ஓரிரு ரூபாய் சாமான்தான், பிரச்சினை அதோடு தீர்ந்தது.

கேள்வி: பின்னால் ஹை பீம் போட்டு ஒட்டி வருபவர்களை விலக வைக்க ஓடும்போது இந்த லைட்டைப் போடலாமா சார்?

கூடவே கூடாது. பின்னால் வருபவர் பைக்கில் மனைவி, குழந்தையோடு வருபவராகவும் இருக்கலாம். கண் கூசிய பிறகு சில நொடிகள் அவருக்கு ரோடே தெரியாது. சட்டப்படியும் பின்பக்கம் வெள்ளை வெளிச்சம் ரிவர்ஸ் லைட்டுக்கும் நம்பர் பிளேட்டுக்கும் மட்டும்தான், மற்றதெல்லாம் சிவப்பு, இண்டிகேட்டர் மஞ்சள். சுவிட்ச் போட்டிருப்பது மறந்துபோகாமல் இருக்க டேஷ்போர்டில் ஒரு சின்ன பைலட் லேம்ப் வையுங்கள். லைட்டைத் தரையைப் பார்த்துச் சாய்த்துக் கட்டுங்கள், வண்டிக்குப் பின்னால் நாலைந்து மீட்டரில் வெளிச்சம் விழுந்தால் லோடு இறக்க அதுவே தாராளம்.

கேள்வி: கூடுதல் டெயில் லைட் மாட்டிய பிறகு பிரேக் அழுத்தினால் பார்க்கிங் லைட்டும் மங்கலாக எரிகிறது. ஏன்?

எர்த். பத்து வண்டி இப்படி வந்தால் ஒன்பதில் எர்த்தான். ஒரே பல்பில் 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழை இருக்கிறது, இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அது விட்டுப்போனால் பிரேக் கரண்ட் தரைக்குப் போக வழியில்லாமல் 5 வாட் இழை வழியாகப் பார்க்கிங் ஒயருக்குள் நுழைந்து, மற்ற லைட்டுகள் வழியாக எர்த்தைத் தேடிப் போகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு முட்டை வண்டி இதே குறையோடு வந்தது. லைட் எரியும்போது வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை லைட்டின் எர்த்திலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன், 3.8 வோல்ட் காட்டியது. 0.2-க்குக் கீழே இருக்க வேண்டிய இடம். எர்த் திருகை லோடு பாடியில் போட்டிருந்தார்கள், அந்தப் பாடியோ சேசிஸ் மேல் மரக்கட்டை வைத்து உட்கார்ந்திருந்தது, போதாததற்குத் திருகுக்கு அடியில் பெயிண்ட். சேசிஸில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிந்ததும் ஒயர் முனையில் லக் (வளையம்) வைத்து போல்ட்டில் முறுக்கி மேலே கிரீஸ் தடவினேன். மீட்டர் 0.05-க்கு இறங்கியது. நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள், புது பல்பு வாங்க ஓடாதீர்கள்.

கேள்வி: 7.5 ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 20 போட்டுவிடலாமா?

ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. 20 போட்டால் அடுத்து போவது ஒயர், அப்புறம் சீட். ஒவ்வொரு லைட்டாகக் கழற்றிப் பாருங்கள். எதுவும் மாறவில்லை என்றால் பின்கதவுக் கீல் அருகே ஒயர் மடங்கும் இடத்தைப் பாருங்கள், கதவு திறந்து மூடித் திறந்து மூடி அங்கேதான் தோல் கிழியும்.

கேள்வி: வைக்கோல் ஏற்றினால் டெயில் லைட் மறைந்துவிடுகிறது. மேலே இன்னொரு ஜோடி மாட்டலாமா?

கட்டாயம் மாட்டுங்கள், இதுதான் எல்லாக் கேள்வியிலும் எனக்குப் பிடித்த கேள்வி. தார்ப்பாய்க் கம்பியில் இரண்டு ஓரத்திலும் 3 வாட் சிவப்பு எல்.இ.டி., இரண்டும் சேர்ந்து அரை ஆம்பியர்தான், டெயில் ஒயரிலேயே சேர்க்கலாம், ரிலே தேவையில்லை. கூடவே பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், லைட் போனாலும் அது தெரியும்.

கேள்வி: ஒயரை எந்த வழியாகக் கொண்டு போவது?

நெளி பைப்புக்குள் விட்டு, சேசிஸின் உள்பக்கமாக, கம்பெனி ஒயர் போகும் வழியிலேயே. சைலன்சர் இருக்கும் பக்கம் வேண்டாம். தகட்டில் ஓட்டை போட்டால் ஓட்டை விளிம்பில் மாட்டும் ரப்பர் கிராமெட் (வளையம்) இல்லாமல் ஒயரை விடாதீர்கள்.

கேள்வி: இன்ஜின் ஆஃபில் எவ்வளவு நேரம் எரிக்கலாம்?

54 வாட் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு 9 ஆம்பியர்-அவர், நல்ல பேட்டரி தாங்கும். ராத்திரி முழுக்க மறந்து விட்டால் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அதனால் அந்தச் சுவிட்சுக்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரில் இருந்து எடுங்கள்.

கேள்வி: கருப்பு ஒயர் என்றால் எர்த் என்று நம்பலாமா அண்ணா?

கம்பெனி ஒயரிங்கில் பெரும்பாலும் ஆமாம். ஆனால் இரண்டு மூன்று கை மாறிய வண்டியில் யாரோ எந்த நிறத்திலோ ஒட்டுப் போட்டிருப்பார்கள். அந்த ஒயரில் இருக்கும் பல்புகளைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்ப்பை (ஒயரில் கரண்ட் பார்க்கும் சின்ன விளக்கு) பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையை அந்த ஒயரில் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த், மங்கினாலும் எரியாவிட்டாலும் அதைத் தொட வேண்டாம், சேசிஸில் புதிதாகப் போடுங்கள்.