பந்தயக் கார்களை 1/60 வினாடியில் எடுத்தால் எல்லாம் கலங்கிவிடுகிறதே, நல்ல லென்ஸ் வாங்க வேண்டுமா?

புத் சர்வதேசப் பந்தயத் தளத்தில் பேனிங், அதாவது ஓடும் காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பியபடியே படமெடுக்கும் முறை, முயன்று தோற்றதாகவும், இனி 1/1000 வினாடிக்கே திரும்பிவிடலாமா அல்லது விலை கூடிய லென்ஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். ஒரு பகல் முழுவதும் எடுத்து, நூற்றில் ஒன்றுகூடத் தேறாத எரிச்சலில் இதை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் கதை வேறு. ஒரு படம்கூடக் கலங்காமல் எடுத்துவந்து அவமானப்பட்டவன் நான்.

2011 அக்டோபர் 30 அன்று இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் கிரேட்டர் நொய்டாவிலுள்ள அதே தளத்தில் நடந்தபோது, டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு சாதாரண 55-250 மி.மீ. லென்ஸுடன் போய், எல்லாவற்றையும் 1/2000 வினாடியில் எடுத்தேன். டயரில் இருந்த எழுத்துகளைக்கூட வாசிக்க முடிந்தது என்பதில் எனக்கு அப்படியொரு பெருமை. மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு கொடுத்துப் போய், நிறுத்தி வெச்ச காரையாடா எடுத்துண்டு வந்திருக்கே?" என்றார். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அவர் சொன்னதைக் கணக்கிட்டே பார்க்கலாம். வளைவில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார், 1/2000 வினாடியில் நகர்வது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. சக்கரம் மூன்று பாகைகூடத் திரும்புவதில்லை. அதே கார் 1/60 வினாடியில் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் போகிறது, சக்கரமும் கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழன்றுவிடுகிறது. அந்த நேரம் முழுவதும் காரோடு சேர்ந்து கேமராவும் திரும்பினால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் கார் ஒரே இடத்தில் நிற்கும், பின்புலம் மட்டும் கோடாக இழுபடும்.

அடுத்த பந்தயம் வரை, நொய்டா இணைப்புச் சாலையின் நடைபாதையில் நின்று ஆட்டோக்களையும் டெல்லி அரசின் டிடிசி பேருந்துகளையும் எடுத்துப் பழகினேன். அங்கே விளங்கிய முதல் விஷயம், கையை நகர்த்தக் கூடாது, இடுப்பிலிருந்து உடலே திரும்ப வேண்டும் என்பது. வண்டியை எந்த இடத்தில் எடுக்கப் போகிறோமோ அந்தத் திசையை நோக்கிப் பாதங்களை ஊன்றிக்கொண்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, வண்டி தொலைவில் தெரியும்போதே உடலை அந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டால், அது நேரே வரும் கணத்தில் உடல் முறுக்கு அவிழ்ந்து தளர்வாக இருக்கும். பொத்தானை அழுத்தியதும் பெரும்பாலோர் கேமராவை நிறுத்திவிடுகிறார்கள். பந்து கையை விட்ட பிறகும் பந்துவீச்சாளரின் கை இறங்கிக்கொண்டே இருப்பதுபோல, படம் விழுந்த பிறகும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று எனக்கு மிகத் தாமதமாகவே புரிந்தது. கார் நம்மைக் கடக்கும்போது அதன் மூக்கும் வாலும் நம் கண்ணுக்கு ஒரே கோண வேகத்தில் நகர்வதில்லை. ஆகவே மெதுவான ஷட்டரில் கார் முழுவதும் கூர்மையாக வராது. ஓட்டுநரின் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு அதையே தொடர்வதுதான் வழி. ஹெல்மெட் கூர்மையாக இருந்தால், பின் இறக்கை சற்றுக் கரைந்திருப்பதைப் பார்ப்பவர் குறையாக எண்ணுவதில்லை.

எடுத்த எடுப்பில் 1/60-க்குப் போனதுதான் நீங்கள் செய்த தவறு என்று ஊகிக்கிறேன். 1/250-இல் தொடங்கி, பாதிப் படங்களாவது தேறிய பிறகு 1/125, அதன் பிறகு 1/80 என்று இறங்குங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பில் பேனிங்கிற்கான தனி நிலை இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் அணைத்துவிடுவது என் வழக்கம். நல்ல வெயிலில், ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்று குறைத்தும், 1/60 வைத்தால் லென்ஸின் துளையான அபர்ச்சர் எஃப்/22 என்ற மிகச் சிறிய அளவு வரை மூடிக்கொள்ளும், அப்போது படம் பொதுவாகவே மழுங்குவதோடு, சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் கரும்புள்ளிகளாகத் தெரியும். லென்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் சிறு பங்கைக் கொடுத்து லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் வாங்கினால் போதும். நேர் எதிரே வரும் காருக்கு இதெல்லாம் பொருந்தாது என்று யாராவது கீழே எழுதுவதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன். அங்கே 1/1000-தான் சரி.

2012-இல் மூன்றாம் வளைவின் அருகே உட்கார்ந்து, 1/80-இல், நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனை மட்டும் தொடர்ந்தேன். எச்ஆர்டி அணியின் கார் பின்வரிசையில் ஓடியதால் தொலைக்காட்சி அவரை அதிகம் காட்டவில்லை, நானாவது எடுத்துவிட வேண்டும் என்ற வீம்பு. அறுபது சுற்றுப் பந்தயம், சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வாய்ப்பு. தேறியவை மூன்று, அவற்றில் உண்மையாகவே நன்றாக அமைந்தது ஒன்று. அப்பா அதை மட்டும் சட்டம் போட்டு மாட்டினார்.

அந்தப் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பியபோது, பின்புலத்தைக் கணினியில் கலங்கடித்திருக்கிறேன் என்று நடுவர் ஒருவர் ஒதுக்கிவிட்டார். உண்மையில் அதை மறுக்கும் சான்று மூலப் படத்திலேயே இருந்தது. சென்சார் தூசி கேமராவோடு சேர்ந்து திரும்புவதால், பேனிங் படத்தில் பின்புலம் எவ்வளவு இழுபட்டாலும் தூசிப் புள்ளி புள்ளியாகவே நிற்கும். கணினியில் கலங்கடித்தால் அதுவும் கோடாகியிருக்கும். வெளிறிய டெல்லி வானத்தில் அப்படி நான்கு புள்ளிகள் பளிச்சென்று இருந்தன. படம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று, அனுப்புவதற்கு முந்தைய இரவு உட்கார்ந்து, நான்கையும் நானே அழித்திருந்தேன்.